வெலிங்டன் மலையிலிருந்து ஒரு கோல்காப்பாளர்

2008ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் மாலை. கொல்கத்தாவின் சால்ட் லேக் விளையாட்டரங்கில் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் திரண்டிருந்தனர். ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கழகம் அந்நகரின் மோகன் பகான் கழகத்தோடு நட்புமுறையில் ஆடவிருந்தது. ஆட்டத்தின் முடிவு என்னவாகும் என்ற ஐயம் அங்கிருந்த எவருக்கும் இருந்திருக்காது. பேயர்ன் மூன்று கோல்களைப் போட்டு எளிதாக வென்றது. மக்கள் வந்தது வேறொன்றுக்காக. ஆலிவர் கான் என்னும் கோல்காப்பாளர் களத்தை விட்டு விடைபெறும் நாள்களில், நம் நாட்டு மண்ணில் ஒருமுறை கையுறை அணிந்து நிற்பதைக் காண அவர்கள் வந்திருந்தனர்.

கான் 1969இல் கார்ல்ஸ்ரூ நகரில் பிறந்தவர். 1994 முதல் 2008 வரை பதினான்கு ஆண்டுகள் பேயர்ன் கழகத்தின் கோலைக் காத்தார். ஜெர்மனியின் முதல்நிலைப் போட்டித்தொடரில் 557 ஆட்டங்கள், எட்டு முறை வாகைப்பட்டம், நாட்டுக்காக 86 ஆட்டங்கள் என்று அவருடைய கணக்கு நீள்கிறது. 2001ஆம் ஆண்டு மிலான் நகரில் நடந்த ஐரோப்பியக் கழகங்களின் இறுதியாட்டத்தில், வலென்சியா வீரர்கள் உதைத்த மூன்று பெனால்டிகளைத் தடுத்துத் தம் கழகத்துக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில், இறுதியாட்டம் வரும்வரை ஜெர்மனி விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு கோல். அப்போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் தங்கப்பந்து விருது கானுக்குக் கிடைத்தது. அதற்கு முன்னும் பின்னும் அவ்விருதை வேறு எந்தக் கோல்காப்பாளரும் பெற்றதில்லை.

ஆயினும் அவர் பெயரைச் சொன்னவுடன் பலருக்கும் நினைவில் எழுவது அந்த விருதன்று. 2002 ஜூன் 30, யோக்கஹாமா. பிரேசிலின் ரிவால்டோ உதைத்த பந்து கானின் கைகளுக்குள் வந்து நழுவியது. ஓடிவந்த ரொனால்டோ அதைக் கோலுக்குள் தட்டிவிட்டார். பின்னர் இன்னொரு கோலும் விழுந்தது. ஆட்டம் முடிந்தபின் அவர் கோல் கம்பத்தில் சாய்ந்து, ஒருவரோடும் பேசாமல் அமர்ந்திருந்தார். விரலில் காயம் இருந்தது என்பதையும் அவர் சாக்காகச் சொல்லவில்லை. ஆறு ஆட்டங்களில் தடுத்தவை எத்தனை என்று நமக்குத் தெரியாது. ஏழாம் ஆட்டத்தில் நழுவியது ஒன்று என்பதை உலகமே அறியும்.

கோல்காப்பாளரின் தொழில் அத்தகையது. கோல் போட்டவரின் பெயரும் நிமிடமும் ஆட்டக் குறிப்பில் ஏறும். கோல் விழாமல் காத்தவருக்கு அக்குறிப்பில் ஒரு கட்டம்கூட இல்லை. 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள ஒரு வெற்றிடத்தை வெற்றிடமாகவே வைத்திருப்பது அவர் வேலை. நிகழாமற் போனவற்றை வரலாறு எப்படி எழுதும்?

இந்தக் கேள்வி ஒரு ஜெர்மானியருக்கு மட்டும் உரியதன்று. கான் விடைபெற்ற அந்த மாலையில், கொல்கத்தாவிலிருந்து சில மணி நேர இரயில் பயணத் தொலைவில், ஜார்க்கண்டின் பொக்காரோ உருக்காலை நகரில் எழுபத்திரண்டு வயது முதியவர் ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தார். கொல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களுக்கும் கோல் காத்தவர் அவர். இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்றவர். ஆசியாவின் மிகச் சிறந்த கோல்காப்பாளர் என்று 1958இல் மதிக்கப்பெற்றவர். பெயர் பீட்டர் தங்கராஜ். செகந்தராபாத் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழர். ஆயினும் அவரைக் கோல்காப்பாளராக நாடறியச் செய்த களம் எது என்று கேட்டால், நீலகிரியில் வாழும் நாம் வேறெங்கும் தேடிப்போக வேண்டியதில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை இரயில் குன்னூரை விட்டதும் அடுத்து நிற்கும் நிலையம் வெலிங்டன். படகர்களின் ஜெகதளா ஊரையொட்டி அமைந்ததால் அந்த இடத்தை ஆங்கிலேயர் முதலில் ஜாக்கட்டல்லா என்றே எழுதிவந்தனர். 1850களில் அங்கே ஐரோப்பியப் படைவீரர்களுக்கென நெடிய பாசறைக் கட்டடங்கள் எழுந்தன. சமவெளியின் வெப்பத்திலும் காய்ச்சலிலும் நலிந்தவர்கள் மலைக்காற்றில் உடல் தேறுவதற்கான இடமாக அது இருந்தது. பின்னர் வெலிங்டன் கோமகனின் பெயர் இடப்பட்டது. விடுதலை பெற்ற காலந்தொட்டு மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான் இயங்குகிறது. தமிழகத்திலிருந்தும் கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகியவற்றிலிருந்தும் வரும் இளைஞர்கள் அம்மலைச்சரிவில் படைவீரர்களாக உருவாகிறார்கள். நம் வீடுகள் சிலவற்றிலிருந்தும் பிள்ளைகள் அங்கே சென்றிருக்கிறார்கள்.

இப்படைப்பிரிவின் வரலாற்றில் நெருடலான ஓர் அத்தியாயம் உண்டு. அதை இங்கே சொல்லியாக வேண்டும். 1758இல் தொடங்கும் தொன்மை உடையது மதராஸ் படை. ஆங்கில ஆட்சி இந்தியாவில் வேரூன்றியதே பெரும்பாலும் அதன் தோள்களின் மேல்தான். ஆனால் 1857க்குப் பின் 'போர்க்குலங்கள்' என்னும் ஒரு கோட்பாட்டை ஆட்சியாளர் வகுத்துக்கொண்டனர். வடமேற்கு மாநிலத்தவரே பிறவி வீரர்கள், தென்னாட்டார் போருக்கு ஆகாதவர்கள் என்பது அதன் சாரம். அதன் விளைவாக மதராஸ் படைப்பகுதிகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, 1930களின் தொடக்கத்துக்குள் காலாட்படையில் எஞ்சியிருந்தவையும் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர் மூண்டு ஆள் தேவைப்பட்டபோதுதான் பழைய கோட்பாடு கைவிடப்பட்டு, மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உருப்பெற்றது. ஒரு மக்கள் கூட்டத்தின் உடல் வலிமையைப் பற்றி அலுவலக மேசையில் எழுதப்பட்ட தீர்ப்பு, அந்த மேசைக்கு உரியவர்களாலேயே கிழித்தெறியப்பட்டது.

இனித் துராந்து கோப்பைக்கு வருவோம். 1888இல் சிம்லாவில், மார்டிமர் துராந்து என்னும் ஆங்கில அதிகாரியால் தொடங்கப்பட்ட போட்டி அது. ஆசியாவிலேயே மிகப் பழமையான கால்பந்துப் போட்டி. வெள்ளையர் படைப்பிரிவுகள் தமக்குள் ஆடி மகிழ்வதற்காகவே தொடங்கிய அக்கோப்பையை ஐம்பது ஆண்டுகள் வெள்ளையர் அணிகளே மாறிமாறி எடுத்துச் சென்றன. 1940இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் அந்த வரிசையை முறித்தது. விடுதலைக்குப்பின் ஐதராபாத் காவல்துறை அணியும் வங்கக் கழகங்களும் வென்றன. 1955இல் அக்கோப்பையின் மேல் ஒரு புதிய பெயர் பொறிக்கப்பட்டது: மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர். அக்கோப்பையை வென்ற முதல் இந்தியப் படையணி அதுவே. போருக்கு ஆகாதவர் என்று கலைக்கப்பட்டவர்களின் வாரிசுகள், அவ்வாறு சொன்னவர்களின் கோப்பையை நம் மலைக்குக் கொண்டுவந்தனர். 1958இல் மீண்டும் ஒருமுறை கொண்டுவந்தனர். உதகை மறைமாவட்டம் உருவானதும் அதே 1955இல்தான் என்பதை, வியப்புக்குரிய ஒற்றுமையாக மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

அக்குழுவில் இருந்த இளைஞர்தான் தங்கராஜ். செகந்தராபாத்தில் மார்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன் ஆகிய சிறு கழகங்களில் ஆடிவிட்டு 1953இல் படையில் சேர்ந்தார், வயது பதினேழு. தொடக்கத்தில் அவர் நடு முன்கள ஆட்டக்காரர், அதாவது கோல் போடுபவர். ஆறடியைத் தாண்டிய உயரமும் அதற்கேற்ற நீண்ட கைகளும் உடைய அவர் பிறகு கம்பங்களுக்கு நடுவே நிற்கலானார். கோல் போடத் தெரிந்தவனுக்கு, கோல் போட வருபவனின் எண்ணமும் ஓரளவு தெரிந்திருக்கும் அல்லவா?

அக்காலத்துக் கோல்காப்பாளரின் பாட்டை இன்று நாம் எண்ணிப்பார்ப்பது கடினம். இன்றுள்ள ஒட்டும் கையுறை அன்று இல்லை, பெரும்பாலும் வெறுங்கைதான். தோல் பந்து மழையில் நனைந்தால் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். பந்தைப் பிடித்த காப்பாளரை எதிரணியினர் தோளால் இடிப்பதற்கு விதியிலேயே இடம் இருந்தது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் முறைவைத்து வரும் நம் மலையில், வழுக்கும் புல்லில், மூடுபனியின் நடுவே பந்து எங்கிருந்து வருகிறதென்று பார்த்துப் பிடிக்கக் கற்றவருக்கு வேறு எந்தக் களமும் கடுமையாகத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறோம்.

இந்த இடத்தில் இன்னொரு ஜெர்மானியரை நினைக்காமல் மேலே செல்ல இயலவில்லை. பெர்ட் டிரவுட்மன் என்பவர் 1923இல் பிரேமன் நகரில் பிறந்து, இட்லரின் படையில் வான்குடை வீரராகப் போரிட்டு, ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டவர். போர்க்கைதிகளின் முகாமில் ஆடியபோதுதான் களத்தின் நடுப்பகுதியிலிருந்து கோலுக்கு மாறினார். விடுதலையானபின் நாடு திரும்பாமல் இங்கிலாந்திலேயே தங்கி, 1949இல் மான்செஸ்டர் சிட்டி கழகத்தில் சேர்ந்தார். 'நேற்றைய பகைவனா நம் கோலில் நிற்பது?' என்று ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி எதிர்த்தனர். அவருக்காகப் பரிந்து எழுதியவர் அந்நகரின் யூத மதகுரு ஒருவர். தனி ஒருவரை ஒரு நாட்டின் பாவத்துக்காகத் தண்டிக்கலாகாது என்பது அவர் வாதம். 1956 மே மாதத்தில் நடந்த ஆங்கிலக் கோப்பை இறுதியாட்டத்தில், எதிரணி வீரரின் காலடியில் பாய்ந்து பந்தைக் கைப்பற்றியபோது டிரவுட்மனின் கழுத்தெலும்பு முறிந்தது. முறிந்தது தெரியாமலேயே கடைசிவரை நின்று வென்றார். பகைவன் என்று ஏசிய ஊர் அவரைத் தன் மகனாகவே ஏற்றுக்கொண்டது.

டிரவுட்மனும் தங்கராஜும் சந்தித்ததாக நாம் சொல்லவரவில்லை. இருவரும் படையுடை தரித்தவர்கள், இருவரும் வேறிடத்திலிருந்து கோலுக்கு வந்தவர்கள், இருவருக்கும் 1956 பெரிய ஆண்டு என்ற அளவிலேயே இந்த ஒப்பீடு.

1956இன் இறுதியில் தங்கராஜ் மெல்பர்ன் ஒலிம்பிக்குச் சென்ற இந்தியக் குழுவில் இடம்பெற்றார். அதன் பெருமையை உணர, நான்கு ஆண்டுகள் பின்னே போக வேண்டும். 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடி, யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றிருந்தனர். அதன்பிறகே காலணி கட்டாயமாயிற்று. மெல்பர்னில் அதே இந்தியா, ஆஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டு என்று வீழ்த்தி அரையிறுதிக்குள் நுழைந்தது. ஒலிம்பிக் கால்பந்தில் அதுவரை எந்த ஆசிய நாடும் அந்த இடத்தை எட்டியதில்லை. அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. நாமே முதல் கோலைப் போட்டோம். பின்னர் நான்கு விழுந்தன. இறுதியில் நான்காம் இடம். 1960இல் உரோமையிலும் தங்கராஜ் இருந்தார். அங்கே ஹங்கேரியிடம் ஒரே ஒரு கோல் வேறுபாட்டில் தோற்றோம். பிரான்சோடு சமன் செய்தோம். அதே 1960இல் படைத்துறை அணி அவர் தலைமையில் சந்தோஷ் கோப்பையையும் வென்றது.

ஆனால் அவர் வாழ்க்கையின் உச்சம் ஜகார்த்தாதான். 1962ஆம் ஆண்டு ஆசியப் போட்டிகளுக்கு இசுரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. அது முறையன்று என்று ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பில் பொறுப்பு வகித்த இந்தியரான ஜி.டி.சோந்தி வெளிப்படையாகக் கண்டித்தார். சினம் முழுவதும் இந்தியர் மேல் திரும்பியது. இறுதியாட்டத்துக்கு முந்தைய நாள் ஜகார்த்தாவிலிருந்த இந்தியத் தூதரகம் ஒரு கும்பலால் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4ஆம் நாள், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நிறைந்த அரங்கில் நம்மவர் இறங்கியபோது, நம் நாட்டுப்பண்ணே கூச்சலில் மூழ்கியது.

எதிரே நின்றது தென்கொரியா. அதே கொரியா தொடக்க ஆட்டத்தில் நம்மை இரண்டு கோல்களால் வென்றிருந்தது. நம் குழுவின் நிலையோ பரிதாபம். பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் தையல் போடப்பட்டிருந்தது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீம் தம் உடலுக்குள் புற்றுநோயைச் சுமந்துகொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நோய் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. தங்கராஜ் சளிக்காய்ச்சலில் படுத்திருந்ததால் அரையிறுதி ஆட்டத்தில் பிரத்யுத் பர்மன் என்னும் வங்க இளைஞர்தான் கோலில் நின்றார். அவர் குறையின்றி ஆடியிருந்தார். ஆயினும் இறுதியாட்டத்துக்கு ரகீம் தங்கராஜையே அழைத்தார். கொரியர் உயரத்தில் தூக்கியடிக்கும் பந்துகளுக்கு எதிரே அந்த நெடிய உருவம் வேண்டும் என்று அவர் கருதினார். காய்ச்சலிலிருந்து எழுந்துவந்தவரைப் பெரிய ஆட்டத்தில் நிறுத்துவது எவ்வளவு துணிச்சலான முடிவு! பர்மனுக்கு அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப்பார்க்கிறோம். வெற்றிக் கதைகளில் அவருடைய பெயர் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

தையல் போட்ட தலையோடு ஜர்னைல் சிங்கை ரகீம் முன்களத்துக்கு அனுப்பினார். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடங்களுக்குள் பி.கே.பானர்ஜி ஒன்றும் ஜர்னைல் ஒன்றுமாக இரண்டு கோல்கள் விழுந்தன. அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல், அந்த இரண்டு கோல்களைக் காக்கும் பொறுப்பு பின்களத்தாருக்கும் தங்கராஜுக்கும் ஆயிற்று. கொரியர் போட முடிந்தது ஒரே கோல். அதுவும் ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில். இரண்டுக்கு ஒன்று. தங்கப்பதக்கம் நமதாயிற்று. அதற்குப்பின் இன்றுவரை ஆசியப் போட்டிகளின் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை.

அந்த வெற்றியின் குறிப்பில் பானர்ஜி பெயர் உண்டு, ஜர்னைல் பெயர் உண்டு. கோல் போட்ட கொரியர் பெயரும் உண்டு. தங்கராஜின் கைகள் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்தன என்பதற்கு ஏட்டில் இடமில்லை. கானுக்கு நேர்ந்த பிழையை உலகம் ஆயிரம் முறை திரும்பத் திரும்பப் பார்த்தது. நம்மவரின் சாதனைகளை ஒருமுறை பார்க்கவும் வழியில்லை. கல்கத்தாவில் தொலைக்காட்சி வந்ததே 1975இல். தங்கராஜ் களத்திலிருந்து ஓய்வு பெற்றது 1971இல்.

படையை விட்டபின் அவர் கல்கத்தாவில் ஆடிய பத்தாண்டுகளைப் பற்றி ஒரு சொல். முதலில் முகமதன் ஸ்போர்ட்டிங், அடுத்து மோகன் பகான், பின்பு ஈஸ்ட் பெங்கால். பேதுருவின் பெயர் தாங்கிய தமிழர் ஒருவர், முசுலிம் மக்களின் பெருமிதமாக விளங்கிய கழகத்தின் கோலைக் காத்தார்; பிறகு ஒன்றையொன்று பரம வைரியாகக் கருதும் இரு வங்கக் கழகங்களின் கோலையும் காத்தார். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில் அந்நகரின் வீடுகளில் உணவின் மீன்வகைகூடக் கட்சி பிரியும் என்பார்கள். அத்தகைய ஊரில் மூன்று முகாம்களும் ஒரு மனிதரை நம்பித் தம் வாசலை ஒப்படைத்தன. 1967இல் அரசு அவருக்கு அருச்சுனா விருது வழங்கியது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் தம் இளமையில் வாதோவிச்சே நகரில் கோல்காப்பாளராக ஆடியவர். யூத நண்பர்களின் அணியில் ஆள் குறைந்தால் அவர்கள் கோலில் போய் நிற்பாராம். அடுத்தவர் வாசலைக் காக்கவும் அழைக்கப்படுபவர் கோல்காப்பாளர் என்பதற்காக இதைச் சொன்னோம்.

ஓய்வுக்குப்பின் தங்கராஜ் பயிற்சியாளரானார். பொக்காரோவில் சிறுவர்களுக்குப் பந்தின் வழியைக் கற்பித்தார். 2024இல் 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படம் ரகீமின் கதையையும் ஜகார்த்தா இறுதியாட்டத்தையும் காட்டியபோது, அதுவரை தங்கராஜின் பெயரைக் கேட்டிராத இளைஞர்கள் அவர் யார் என்று கேட்கத் தொடங்கினர். நம் மலையிலும் கேட்கலாம். வெலிங்டன் வழியே நாள்தோறும் பேருந்திலும் இரயிலிலும் போய்வருகிறோம். அந்த மையத்தின் வாயிலைக் கடக்கும்போது, படைத்தலைவர்களின் பெயர்கள் நமக்கு நினைவுக்கு வருகின்றன. 2008 ஜூன் மாதத்தில் பீல்டு மார்ஷல் மானெக்சா வெலிங்டன் படை மருத்துவமனையில் உயிர் நீத்ததை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அங்கேயே சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து ஆசியாவின் முதல் கோல்காப்பாளராக உயர்ந்தவரின் பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதே. எஸ்டேட் லயன்களுக்கு அருகே, தேயிலைச் சரிவுகளுக்கு இடையில் கிடைத்த சிறு சமதளத்தில், இரண்டு கற்களைக் கம்பமாக நட்டுப் பந்தாடும் சிறுவரிடையே, ஓடத் தெரியாதவனைத்தான் கோலில் நிறுத்துகிறார்கள். அவனிடம் இந்தக் கதையைச் சொல்லிப்பாருங்கள்.

கான் கொல்கத்தாவில் விடைபெற்ற அதே ஆண்டு, நவம்பர் 24ஆம் நாள், பீட்டர் தங்கராஜ் பொக்காரோவில் காலமானார். அவர் பிறந்தது 1935 டிசம்பர் 24, கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தைய நாள். எழுபத்துமூன்றாம் பிறந்தநாளுக்கு இன்னும் முப்பது நாள்கள் இருந்தன.